2¹²⁷ − 1: கையால் நிரூபித்த மிகப் பெரிய பகா எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த எண் இது? முழுதாக எழுதிக் காட்ட முடியுமா?

முடியும். 2ஐ 127 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழித்துவிட்டால் கிடைப்பது இது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

மொத்தம் 39 இலக்கம். நம் வழக்கப்படி கோடியில் சொல்ல வேண்டுமென்றால், கோடி என்ற சொல்லை ஐந்து முறை அடுக்க வேண்டும்: சுமார் 1,701 கோடி கோடி கோடி கோடி கோடி. இரும முறையில் எழுதினால் இன்னும் எளிது, வரிசையாக 127 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது. இந்த எண்ணின் குணங்களில் பெரும்பாலானவை இந்த 127 ஒன்றுகளிலிருந்தே வருகின்றன, போகப் போகத் தெரியும்.

இதைவிடப் பெரிய பகா எண்கள் எவ்வளவோ இருக்கின்றன. ஏன் இதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறீர்கள்?

இருக்கின்றன. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதன் பக்கத்தில் வைத்தால் நம் எண் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கண்டது ஆயிரக்கணக்கான கிராஃபிக்ஸ் சில்லுகள். 2¹²⁷ − 1 பகா எண் என்று 1876-இல் காட்டியவர் எதுவார் லூக்காஸ் என்ற ஒரு பிரெஞ்சுக் கணித ஆசிரியர். கணினி இல்லை, கணக்குப் பொறியும் இல்லை. எந்த இயந்திரத்தின் துணையும் இல்லாமல் மனிதர் கண்ட பகா எண்களில் இன்றுவரை இதுதான் பெரியது, இனி யாரும் அதற்காக உட்காரப்போவதும் இல்லை. எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது வேறொன்று: அவர் இந்த எண்ணை எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு வகுத்தியைக்கூடத் தேடாமல், "இதற்கு வகுத்தியே கிடையாது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அது எப்படி என்பதுதான் இந்தப் பக்கத்தின் மையம்.

127 ஒரு பகா எண். அதனால்தான் 2¹²⁷ − 1 பகா எண்ணா?

இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. அடுக்கு பகு எண் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைக்கும் கதையில் வருகிற 2⁶⁴ − 1, 3ஆல் வகுபடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தும் ஏமாற்றுவதற்கு முதல் எடுத்துக்காட்டு 11. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2, 3, 5, 7 நான்கும் சரியாக வந்ததைப் பார்த்து எல்லாமே அப்படித்தான் என்று நினைத்தவர்கள் உண்டு, 11-இல்தான் அது உடைகிறது.

2இன் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் இப்படிப்பட்ட எண்களை மெர்சென் எண் என்று சொல்கிறார்களே, அந்த மெர்சென் யார்?

மாரன் மெர்சென், பாரிஸில் வாழ்ந்த துறவி, 1588 முதல் 1648 வரை. 1644-இல் வந்த தன் நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் கொடுத்தார்: 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண்ணைத் தரும் என்று. இவ்வளவு பெரிய எண்களை அந்தக் காலத்தில் சோதித்திருக்கவே முடியாது. பட்டியலில் ஐந்து தவறுகள். 67, 257 இரண்டும் தவறாக உள்ளே வந்துவிட்டன. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. 127 மட்டும் எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. 1772-இல் ஆய்லர் 31ஐ உறுதி செய்தார், அதற்கப்புறம் நூறாண்டுக்கு மேல் யாரும் இந்தப் பட்டியலில் புதிதாக எதையும் உறுதி செய்ய முடியவில்லை, லூக்காஸ் வரும்வரை.

67 பற்றி ஒரு வார்த்தை. 2⁶⁷ − 1 பகு எண் என்று காட்டியவரும் லூக்காஸ்தான், அதே 1876-இல். ஆனால் அவருடைய முறை "இது பகு எண்" என்று சொல்லுமே தவிர, எந்த எண்ணால் வகுபடும் என்று சொல்லாது. அந்த வகுத்திகளை 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் கொண்டுவந்தார்: 193,707,721 × 761,838,257,287. ஒரு கணிதக் கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாமல் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்பது பிரபலமான செய்தி. ஓர் எண் பகு எண் என்று தெரிவதும், அதன் வகுத்திகள் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, வகுத்தே பார்த்தால் என்ன? எவ்வளவு நேரம் ஆகும்?

வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.3 × 10¹⁹. அதற்குக் கீழே சுமார் 3 × 10¹⁷ பகா எண்கள் இருக்கின்றன. நொடிக்கு ஒரு வகுத்தல் என்று தூங்காமல் சாப்பிடாமல் செய்தால் ஏறத்தாழ 960 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

கொஞ்சம் புத்தியோடு செய்யலாம். மெர்சென் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் இரண்டு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. ஒன்று, அதிலிருந்து 1ஐக் கழித்தால் அடுக்கின் இரு மடங்கால், இங்கே 254ஆல், மீதியின்றி வகுபட வேண்டும். இரண்டு, அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். எடுத்துக்காட்டாக 509 முதல் நிபந்தனையில் தேறுகிறது, 508 என்பது 254இன் இரு மடங்கு. ஆனால் 8ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே அதை வகுத்துப் பார்க்காமலேயே தள்ளிவிடலாம். இப்படிச் சலித்தால் 252-இல் ஒரு பகா எண்தான் மிஞ்சும். வேலை 960 கோடி ஆண்டிலிருந்து சுமார் 3.8 கோடி ஆண்டாகக் குறையும். பெரிய லாபம்தான், ஆனாலும் பயனில்லை. ஆய்லர் 2³¹ − 1ஐ இப்படிச் சலித்து வகுத்துத்தான் முடித்தார், அங்கே வர்க்கமூலம் 46,340 மட்டுமே. 127க்கு அந்த வழி மூடியே கிடக்கிறது.

அப்படியானால் லூக்காஸ் என்ன செய்தார்?

ஓர் எண்ணை எடுத்து வர்க்கப்படுத்தினார், 2 கழித்தார், 2¹²⁷ − 1ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2 கழித்து மீதி. 3-இல் தொடங்கி இதை 125 முறை செய்து கடைசியில் பூச்சியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். அவ்வளவுதான்.

கையால் செய்து பார்க்க 2⁷ − 1 = 127 போதும். அங்கே ஐந்தே முறை:

3
3² − 2 = 7
7² − 2 = 47
47² − 2 = 2207, 127ஆல் வகுத்தால் மீதி 48
48² − 2 = 2302, மீதி 16
16² − 2 = 254, மீதி 0

பூச்சியம் வந்துவிட்டது, ஆகவே 127 பகா எண். முதல்முறை இதைத் தாளில் போட்டு அந்தக் கடைசி 254ஐப் பார்த்தபோது, அது 127இன் சரியான இரு மடங்கு என்று உறைக்க எனக்கு ஒரு நொடி ஆனது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

3-இல் தொடங்குவது 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகளுக்கு மட்டுமே செல்லும், 127 அப்படிப்பட்டது. 1930-இல் டெரிக் லெமர் இதைச் செப்பனிட்டு, 4-இல் தொடங்கினால் எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குக்கும் செல்லும் என்று காட்டினார். அதனால்தான் இன்று இதற்கு லூக்காஸ்–லெமர் சோதனை என்று பெயர். 4 கோடி இலக்க எண்ணையும் கடைசியில் உறுதி செய்தது இதுதான்.

பூச்சியம் வந்தால் ஏன் பகா எண் என்று நம்ப வேண்டும்?

இதை விளக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் நிரூபணம் அவ்வளவு கடினமில்லை. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

ஃபிபொனாச்சி எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 1, 2, 3, 5, 8, 13, 21… (இந்த வரிசைக்கு அந்தப் பெயரைப் பரப்பியவரும் லூக்காஸ்தான்.) எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அது இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் முதன்முறையாக வகுத்தியாகத் தலைகாட்டும். 3 தலைகாட்டுவது 4ஆம் இடத்தில். 7 தலைகாட்டுவது 8ஆம் இடத்தில், அங்கே இருப்பது 21. இதில் ஒரு விதி இருக்கிறது: ஒரு பகா எண் தலைகாட்டும் முதல் இடம், அந்தப் பகா எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவதைத் தாண்டவே தாண்டாது. அதோடு, ஒரு பகா எண் எந்தெந்த இடங்களில் வகுத்தியாக வருகிறதோ, அவை எல்லாம் அந்த முதல் இடத்தின் மடங்குகள்.

இப்போது 3, 7, 47 என்று போகும் நம் வரிசைக்கு வாருங்கள். இவை 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று போகும் லூக்காஸ் எண்களில் 2ஆவது, 4ஆவது, 8ஆவது. ஒவ்வொரு முறை வர்க்கப்படுத்தி 2 கழிக்கும்போதும் இடம் இரட்டிக்கிறது. 125 முறை செய்தால் 2¹²⁶ஆவது லூக்காஸ் எண்ணில் போய் நிற்போம். ஃபிபொனாச்சி வரிசையில் 2¹²⁷ஆவது எண், 2¹²⁶ஆவது ஃபிபொனாச்சி எண்ணையும் 2¹²⁶ஆவது லூக்காஸ் எண்ணையும் பெருக்கினால் வருவது. ஒரே இடத்தில் இருக்கும் ஃபிபொனாச்சி எண்ணுக்கும் லூக்காஸ் எண்ணுக்கும் ஒற்றைப்படைப் பொதுக் காரணி எதுவும் இருக்காது, 1ஐத் தவிர.

கடைசியில் பூச்சியம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் எண்ணுக்கு ஏதோ ஒரு பகாக் காரணி இருக்கிறது, பெயர் "க" என்போம். க அந்த லூக்காஸ் எண்ணை வகுக்கிறது. ஆகவே 2¹²⁷ஆவது ஃபிபொனாச்சி எண்ணையும் வகுக்கிறது, 2¹²⁶ஆவதை வகுக்கவில்லை. க தலைகாட்டும் முதல் இடம் 2¹²⁷ஐ வகுக்க வேண்டும், 2¹²⁶ஐ வகுக்கக் கூடாது. 2இன் அடுக்குகளில் அப்படி ஒரே ஓர் எண்தான் உண்டு, 2¹²⁷ தானே. அந்த இடம் க + 1ஐத் தாண்டாது என்று பார்த்தோம். அப்படியானால் க குறைந்தது 2¹²⁷ − 1 இருக்க வேண்டும். ஆனால் அதுதானே முழு எண். அதன் எந்தக் காரணியும் அதற்குச் சமம் என்றால் அது பகா எண், வேறு வழியில்லை.

இவ்வளவும் வேலை செய்வதற்கு ஒரே காரணம், இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் சுத்தமான 2இன் அடுக்கு கிடைப்பது. வேறு ஏதாவது 39 இலக்க எண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

கையால் 39 இலக்க எண்ணை 125 முறை வர்க்கப்படுத்துவதா?

லூக்காஸ் இதற்கு ஒரு பலகை முறையைச் சொல்லியிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 127 வரிசை, 127 பத்தி உள்ள சதுரங்கப் பலகை, 16,129 கட்டம். எண்ணை இரும முறையில் எழுதி, 1 உள்ள இடத்தில் காய் வையுங்கள், 0 உள்ள இடத்தைக் காலியாக விடுங்கள். வர்க்கப்படுத்துவது என்றால் அதே எண்ணை ஒவ்வோர் இடமாக நகர்த்தி வரிசை வரிசையாக அடுக்கிக் கூட்டுவது. சாதாரணமாக அப்படிச் செய்தால் பலகை இடப்பக்கம் இரு மடங்கு நீண்டுவிடும், அப்புறம் வகுத்து மீதி எடுக்க வேண்டும். இங்கே வகுத்தலே வேண்டாம். 2¹²⁷ஐ 2¹²⁷ − 1ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே இடக்கோடியில் வெளியே விழும் காயை எடுத்து அதே வரிசையின் வலக்கோடியில் வைத்துவிட்டால் போதும்.

எல்லா வரிசையும் வைத்தபின், ஒரு பத்தியில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்கப் பத்தியில் ஒன்று வைக்க வேண்டும். இடக்கோடிப் பத்தியில் இரண்டு சேர்ந்தால் ஒன்று வலக்கோடிக்குப் போகும். ஒவ்வொரு பத்தியிலும் அதிகபட்சம் ஒரு காய் என்று வரும்வரை இதையே செய்ய வேண்டும். பல்லாங்குழி ஆடியவர்களுக்குக் குழி சுற்றிக் காய் போவது பழகியதுதான். சராசரியாக ஒரு முறைக்குச் சுமார் 4,000 காய்கள். 125 முறை. சலிப்பான வேலைதான், ஆனால் 3.8 கோடி ஆண்டு எங்கே, இது எங்கே.

லூக்காஸ் 15 வயதில் தொடங்கி 19 ஆண்டு இதைக் கணக்கிட்டாராமே?

இணையத்தில் நிறையச் சுற்றும் கதை. நான் நம்புவதில்லை. அவர் பிறந்தது 1842, அந்தக் கணக்குப்படி 1857-இல் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இந்த முறையையே அவர் உருவாக்கியது 1870களின் நடுவில். முறை பிறப்பதற்கு முன்னால் எதைக் கணக்கிட்டிருப்பார்? 19 ஆண்டு உழைத்தார் என்பதைவிட, உழைப்பை இவ்வளவு குறைக்கும் வழியைக் கண்டார் என்பதுதான் அவருக்கு உண்மையான பெருமை.

கணக்கில் எங்காவது பிழை விட்டிருந்தால்?

பூச்சியம் வராமல் போயிருக்கும். நடுவில் ஒரு காய் மாறினாலும் அதற்கப்புறம் வரும் மீதிகள் எல்லாம் முற்றிலும் வேறாகிவிடும், தற்செயலாகக் கடைசியில் சரியாகப் பூச்சியத்தில் வந்து நிற்பதற்கு வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். "பகு எண்" என்று முடிவு வந்தால்தான் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். இப்போது அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, கைபேசியில்கூடக் கண் இமைப்பதற்குள் சரிபார்த்துவிடலாம்.

எத்தனை ஆண்டு இது சாதனை எண்ணாக இருந்தது?

75 ஆண்டு. மெர்சென் பட்டியலில் விடுபட்ட அடுக்குகளில் 1883-இல் 61ஐயும், 1911-இல் 89ஐயும், 1914-இல் 107ஐயும் கண்டார்கள், ஆனால் அவை எல்லாம் இதைவிடச் சிறியவை. 1951-இல் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்குப் பொறியை வைத்து 44 இலக்கப் பகா எண் ஒன்றை, (2¹⁴⁸ + 1) ÷ 17, காட்டினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் 79 இலக்க எண் ஒன்றைக் கண்டார்கள். அது 180 × (2¹²⁷ − 1)² + 1. பாருங்கள், பழைய சாதனையை முறியடித்த எண்ணுக்குள்ளேயே பழைய எண் உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண்ணை மட்டாக வைத்துக் கணக்குப் போட்டால் என்ன சிறப்பு?

பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம்தான்: எல்லாவற்றையும் இந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்ப்பது. அங்கே நிறைய அழகு இருக்கிறது.

2க்கு வர்க்கமூலம் உண்டு, அதுவும் முழு எண்ணாக: 2⁶⁴. வர்க்கப்படுத்தினால் 2¹²⁸, அதில் 2¹²⁷ என்பது 1க்குச் சமம், ஆகவே மீதி 2. சிறிய அளவில் பார்க்க, 127ஐ மட்டாக வைத்து 16ஐ வர்க்கப்படுத்துங்கள், 256 வரும், 254 போக 2. இதைப் பார்த்த பிறகு √2 என்றாலே 1.414 என்று மட்டும் நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றுக்கு வர்க்கமூலம் கிடையாது. −1க்கும் கிடையாது, ஏனென்றால் இந்த எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 3. அதே காரணத்தால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. அப்புறம், வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் அதைக் கண்டுபிடிக்கத் தனி வித்தை வேண்டாம், அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப 125 முறை வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் வந்து நிற்கும். வர்க்கப்படுத்திக்கொண்டே போய் வர்க்கமூலத்தை அடைவது! இதற்கும் காரணம் பழையதுதான், ஒன்றைக் கூட்டினால் 2இன் அடுக்கு.

ஒன்றைக் கழித்தால்?

அந்தப் பக்கம் நிலைமை நேர்மாறு. 2¹²⁷ − 2 சின்னச் சின்னத் துண்டாக உடைகிறது:

2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5,419 × 92,737 × 649,657 × 77,158,673,929

மிகப் பெரிய துண்டே 11 இலக்கம்தான். நடுவில் 127 இருப்பதைக் கவனியுங்கள், 2ஐ ஒரு பகா எண்ணுக்கு அடுக்கேற்றி 2 கழித்தால் அதே பகா எண்ணால் வகுபடும் என்ற ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அது இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு இரட்டைப் பகா எண் உண்டா?

இல்லை. 2 கழித்தால் கடைசி இலக்கம் 5. 2 கூட்டினால் 3ஆல் வகுபடும். இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 88க்கு ஒன்று பகா எண், ஆனால் பக்கத்து வீடுகள் இரண்டும் காலி.

நிறைவெண்ணோடு என்ன தொடர்பு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தானேயாக இருப்பது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. 28ம் அப்படித்தான். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார், இரட்டைப்படை நிறைவெண் எல்லாம் இப்படித்தான் வரும் என்று ஆய்லர் காட்டினார். நம் எண் தருவது 2¹²⁶ × (2¹²⁷ − 1). 77 இலக்கம், 28 என்று முடியும், 254 வகுத்திகள். 1, 2, 3 என்று 2¹²⁷ − 1 வரை எல்லாவற்றையும் கூட்டினாலும் இதே எண்தான் வரும்.

ஹனோய் கோபுரமும் லூக்காஸ் செய்ததா?

ஆமாம், 1883-இல் கிளாஸ் என்ற புனைபெயரில் விற்பனைக்கு விட்டார். லூக்காஸ் என்ற பெயரின் எழுத்துகளைப் பிரெஞ்சில் மாற்றிப் போட்டால் வருவது அது. மூன்று கம்பம், பெரிய தட்டு சிறிய தட்டின் மேல் வரக் கூடாது. அந்த விளையாட்டில் தட்டு எத்தனையோ அத்தனை முறை 2ஐப் பெருக்கி 1 கழித்தால் வருவதுதான் குறைந்தபட்ச நகர்த்தல். கதையில் சொல்லும் 64 தட்டுக்கு, நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால், சுமார் 58,450 கோடி ஆண்டு. 127 தட்டு வைத்தால் நகர்த்தல்களின் எண்ணிக்கை சரியாக நம் பகா எண். ஒரே மனிதர் பொம்மைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே வடிவ எண்ணில் போய் நின்றிருக்கிறார்.

ரகசியக் குறியீட்டில் பயன்படுமா?

ஆர்எஸ்ஏ என்ற குறியீட்டு முறையில் பயன்படாது. அங்கே பகா எண்ணை மறைத்து வைக்க வேண்டும், இது ஊருக்கே தெரிந்த எண். இருவர் தங்களுக்குள் ஒரு பொது ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளும் டிஃபி–ஹெல்மன் முறையிலும் வேண்டாம்: 39 இலக்கம் இன்றைக்குப் போதாது, போதாக்குறைக்கு ஒன்றைக் கழித்தால் வரும் அந்தச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக உடைத்து ரகசியத்தை எடுத்துவிடலாம்.

ஆனால் வகுத்தலே இல்லாமல் மீதி எடுக்கலாம் என்ற குணம் கணினிக்குப் பெரிய வரம். லூக்காஸ் காயைச் சுற்றிக் கொண்டுவந்த அதே வித்தை, சில்லில் ஒரு கூட்டலோடு முடிந்துவிடுகிறது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற, ரகசியக் குறியீட்டுக்கான நீள்வட்ட வளைவு இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. −1க்கு வர்க்கமூலம் இல்லை என்று மேலே பார்த்தோமே, அது அங்கே நேராகப் பயன்படுகிறது: இல்லாத அந்த மூலத்தைக் கற்பனை எண்ணாகச் சேர்த்துக்கொண்டு இரு மடங்கு பெரிய களத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். செய்தி வழியில் மாற்றப்பட்டதா என்று சரிபார்க்க டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய ஹேஷ்127 இதையே மட்டாக வைத்தது. இன்னொன்று, குறியோடு கூடிய 128 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு இதுதான், ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

2, 3, 7, 127 என்ற வரிசை பற்றிக் கேள்விப்பட்டேன். அதில் இது வருகிறதா?

வருகிறது. 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1 நம் எண். ஒவ்வொன்றும் முந்தையதை அடுக்காக வைத்துப் பிறக்கிறது, ஐந்தும் பகா எண்கள். லூக்காஸின் முடிவு வந்தபோது காட்டலான் என்பவர் இதைக் கவனித்தார். ஆறாவது என்ன என்று கேட்டால், 2ஐ நம் 39 இலக்க எண்ணுக்கு அடுக்கேற்றி 1 கழிக்க வேண்டும். அதற்கு சுமார் 5.1 × 10³⁷ இலக்கம். எழுதி வைக்கவே உலகில் இடமில்லை, லூக்காஸ் சோதனைக்கு அங்கே வழியே கிடையாது. பகு எண்ணாக இருந்தால் அதன் மிகச் சிறிய காரணியே நம் எண்ணின் இரு மடங்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஆகவே தற்செயலாகத் தட்டுப்படவும் வாய்ப்புக் குறைவு. பகா எண்ணா இல்லையா என்று இன்று யாருக்கும் தெரியாது. முதல் ஐந்தும் சரியாக வந்ததே என்று சொல்கிறவர்களுக்கு, மேலே 11 என்ன செய்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நானே சரிபார்க்க வேண்டும். எப்படி?

பைத்தானில் ஐந்து வரி போதும், அந்த மொழியில் எவ்வளவு பெரிய முழு எண்ணும் அப்படியே போகும். 2¹²⁷ − 1ஐ ஒரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றில் 4. இரண்டாவதை வர்க்கப்படுத்தி, 2 கழித்து, முதலாவதால் வகுத்த மீதியை அதிலேயே திரும்ப வைக்க வேண்டும். இதை 125 முறை சுற்றவிட்டு அச்சிடுங்கள். 0 வரும். 3-இல் தொடங்கினாலும் வரும். நடுவில் ஒவ்வொரு மீதியையும் அச்சிட்டுப் பாருங்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல் பெரும்பாலும் 38, 39 இலக்க எண்களாக வந்துகொண்டே இருக்கும், கடைசி வரியில் மட்டும் திடீரென்று ஒற்றைப் பூச்சியம். அதற்கு முந்தைய வரியைக் கவனியுங்கள், அது 2⁶⁴ஆகவோ அல்லது நம் எண்ணிலிருந்து 2⁶⁴ஐக் கழித்ததாகவோ இருக்கும், ஏனென்றால் அதன் வர்க்கம் 2ஆக இருந்தால்தானே 2 கழித்ததும் பூச்சியம் வரும்.

அப்புறம் 127க்குப் பதிலாக 521, 607 போட்டுப் பாருங்கள், அடுக்கைவிட இரண்டு குறைவான முறை சுற்ற வேண்டும். 521க்கு 4-இல்தான் தொடங்க வேண்டும், 3 செல்லாது. 1952 ஜனவரி 30 அன்று ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் கணினியில் ஓடி, ஒரே நாளில் கண்ட இரண்டு பகா எண்கள் அவை.